நாகம் புகுந்த நாடகம்

பஸ் டிப்போவில் அவளை எல்லாரும் காதோரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. டிப்போ ஊழியர்களின் நாடகக் குழுவுக்கு இருபது வருஷமாக அவள்தான் பிராம்ப்டர். மேடையின் இடது ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால், ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு, வசனம் மறந்து விழிக்கிற நடிகருக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். கொஞ்சம் உரக்கச் சொன்னால் முதல் வரிசைக்குக் கேட்டு மானம் போகும். முணுமுணுத்தால் நடிகர் “ஆங்?” என்று திரும்பிப் பார்த்து அதைவிட மோசமாக மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கிறது. அது அவளிடம் இருந்தது.

பகலில் அவள் டிப்போ ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு, பிரேக் ஷூ எடுத்துக் கொடுப்பாள். சாயங்காலமானால் வசனம் எடுத்துக் கொடுப்பாள். எடுத்துக் கொடுக்கவென்றே பிறந்தவள் என்று அவளுடைய வீட்டுக்காரர் கேலி செய்வார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்த முக்காலியின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

குழுவின் கதாநாயகன் ஒர்க்ஷாப் ஃபோர்மேன். வயது ஐம்பத்திரண்டு, மேடையில் முப்பது. இஞ்சினுக்கு அடியில் படுத்திருக்கும்போதுகூட அவரை ஹீரோ என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் மூன்று மணி நேர நாடகத்தை மூன்றே நாளில் பாடம் பண்ணியவர்தான். இந்த நாலு வருஷமாக என்ன வந்ததோ, ஒரு வரிகூட மண்டையில் ஏறுவதில்லை என்று கையை விரித்துவிட்டார். ஆனால் காதில் என்ன விழுகிறதோ அதை ஒரு எழுத்து சிந்தாமல், கண்ணில் நீர் ததும்பச் சொல்லிவிடுவார். என்ன சொல்கிறோம் என்று யோசிக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. வினை அதில்தான் வந்தது.

புதன்கிழமை ஒத்திகை. நாடகத்தை எழுதியவர் டைம்கீப்பர். பஸ் கிளம்புகிற நேரத்தைக் குறித்துக்கொள்வது அவர் உத்தியோகம், மற்ற நேரத்தில் குழுவுக்கு ஆசிரியரும் டைரக்டரும் அவரே. அண்ணன், தம்பி, தம்பியின் மனைவி. அண்ணன் மூட்டிவிட்டதைக் கேட்டுத் தம்பி மனைவியைச் சந்தேகப்படுகிறான், பிறகு திருந்துகிறான், கடைசியில் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தம்பி திருந்துகிற இடத்தில் மனைவியின் முன்னால் மண்டி போட்டு, “இனி உன் காலடியில் சரணம்” என்று சொல்ல வேண்டும். ஹீரோ மண்டி போட்டார். கை கூப்பினார். மறந்துபோனார். ஓரத்தைப் பார்த்தார். காதோரம் கையிலிருந்த தாளைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஹீரோ தழுதழுத்த குரலில் சொன்னார்: “இனி உன் காலடியில் சாணம்.”

மனைவியாக நடித்த கண்டக்டரம்மா செருப்பைத் திருப்பிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் பிடித்தது. சரணத்துக்கும் சாணத்துக்கும் அர்த்தத்தில் எத்தனை தூரமோ, எழுத்தில் அத்தனை கிட்டம். ர-வுக்கு அடியில் சின்னக் கீற்று ஒன்று சாய்ந்து இறங்கும். துணைக்காலுக்கு அது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கீற்று காதோரத்தின் கண்ணில் படவில்லை.

அது அச்சுப் பிழை என்று அவள் துணிந்து ஒரு பொய் சொன்னாள். டைம்கீப்பர் தாளைப் பார்க்காமலே மறுத்தார். தன் கை முப்பது வருஷம் டைப் அடித்த கை, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் தப்பு வராது என்றார். நாடகம் முழுக்க அவருக்கு மனப்பாடம், தாள் எதற்கு? எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுதியதிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த வரி அது.

“ஞாயித்துக்கிழமை மேடையில ஒரே ஒரு எழுத்து பிசகட்டும். அடுத்த நாடகத்துக்கு அந்த முக்காலியே வேண்டாம். காதுல மாட்டிக்கிற மெஷின் வந்தாச்சு. வசனத்தைப் பதிவு பண்ணி மாட்டிவிட்டாப் போதும்” என்றார்.

காதோரம் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் இதற்கு முன் அவள் சொல்லி ஒரு வரி தப்பானதில்லை.

உண்மையில் இது புதனன்று வந்த கோளாறு இல்லை. ஸ்டோர்ஸில் பார்ட் நம்பரில் 3, 8 எல்லாம் ஒரே முகமாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்பது கைக்குப் பழக்கமானதால் அங்கே தப்பித்துக்கொண்டாள். வீட்டில்தான் தப்ப முடியவில்லை. கதைப் புத்தகம் என்றால் அவளுக்குச் சோறுகூட அப்புறம்தான். அப்பேர்ப்பட்டவளின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நாவல் ஒன்றரை மாதமாக நாற்பதாம் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. இரண்டு பக்கம் படித்தால் நெற்றி வலித்தது. இப்போது எழுதுகிறவர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பாவம், அந்த எழுத்தாளர்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை டைம்கீப்பர் சண்டைக் காட்சியைத் திருத்தி எழுதி, நாலு புதுத் தாளை நீட்டினார். தாள் குறைய வேண்டும் என்று எழுத்தை இன்னும் பொடியாக்கியிருந்தார். அதை வைத்து ஒரே ஒரு தடவைதான் ஒத்திகை நடந்தது. அன்று ஹீரோவுக்குச் சளி என்பதால் அவருடைய வரிகளை டைம்கீப்பரே மனப்பாடமாக ஒப்பித்துத் தள்ளினார். வெள்ளிக்கிழமை காலை காதோரம் ஜன்னலோரம் நின்று, அந்தத் தாளைக் கை எட்டுகிற மட்டும் நீட்டி, கழுத்தைப் பின்னால் இழுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் நீட்டு. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் படிச்சுச் சொல்லிடுவார்.”

அவள் முறைத்தாள். அவர் விடவில்லை. பத்து வருஷமாகக் கண்ணாடி போட்டிருக்கிறவர், இந்த விஷயத்தில் அவருக்கு வெட்கமே கிடையாது. அவளுக்கு இருந்தது. கண்ணாடியோடு முக்காலியில் உட்கார்ந்தால், கண் தெரியாமல்தான் சாணம் வந்தது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று புலம்பினாள். முக்காலி முக்கியமா, வீம்பு முக்கியமா என்று அவர் கேட்டார். சனிக்கிழமை இருவரும் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரப் பெண் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தாள். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரப் பொடி எழுத்து. நாலாவது வரியிலேயே காதோரம் நின்றுவிட்டாள். அந்தப் பெண் அலட்டிக்கொள்ளவே இல்லை. இது நோய் இல்லை, வெள்ளெழுத்து, நாற்பதைத் தாண்டினால் வீடு தேடி வருகிற விருந்தாளி என்றாள். தூரத்துப் பார்வை முழுசாக இருக்கிறது, கிட்டத்துப் பார்வைக்குத்தான் ஒத்தாசை வேண்டும் என்றாள். கண்ணாடி போட்டால் மேடையில் இருக்கிறவர் முகம் மங்குமே, அவர் எங்கே திணறுகிறார் என்று பார்க்க வேண்டுமே என்று காதோரம் தன் தொழில் சங்கடத்தைச் சொன்னதும், பாதி உயரத்தில் ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தாள். மூக்கின் நுனியில் இறக்கி மாட்டிக்கொண்டால் கீழே பார்க்கும்போது தாள், மேலே பார்க்கும்போது மேடை. அந்த அளவில் கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. கத்தரிப்பூ நிற ஃபிரேம், ஓரத்தில் இரண்டு பளபளக்கிற கல்.

மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். அட்டையின் மூலையில் அச்சகத்தின் விலாசம் இருந்தது, அதையும் படித்தாள். கை தானாக மடங்கி, முழங்கை இடுப்பில் வந்து சௌகரியமாகப் பொருந்தியிருந்தது. இப்படி உட்கார்ந்து படித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டு, அட்டையை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். வீட்டுக்காரர் நல்லவேளையாகக் கேலி செய்யாமல் கடை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது, தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழ வேண்டும், நடுநடுவே தலையைத் தூக்கித் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரப் பெண் சொல்லி அனுப்பினாள். அன்று நள்ளிரவுக்குள் அந்த நாவல் முடிந்தது. கண்ணாடி இருக்கிற தைரியத்தில் நாடகத் தாளை அவள் தொடவே இல்லை. எழுதியவரிடம் காதோரம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாடகம். அவள் மூன்று மணிக்கே போய், ஸ்டோர்ஸிலிருந்து கேட்டு வாங்கி வந்த பஸ் கேபின் விளக்கை முக்காலிக்குப் பின்னால் கம்பத்தில் கட்டி, அட்டையால் மறைப்பு வைத்தாள். படுதா விலகுகிற வரைக்கும் கண்ணாடியைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். டைம்கீப்பர் அரங்கின் கடைசியில் போய் நின்றுகொண்ட பிறகுதான் எடுத்து மாட்டினாள்.

முதல் பாதி வழுக்கிக்கொண்டு போனது. ஹீரோ பதினெட்டு இடத்தில் திணறினார், பதினெட்டு இடத்திலும் வரி சரியாகப் போய் விழுந்தது. சபை எதையும் கவனிக்கவில்லை. இடைவேளையில் அவள் நிம்மதியாகக் காலை நீட்டியபோது, ஹீரோ ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார். நெற்றியில் மேக்கப் கரைந்து வழிந்தது.

இரண்டாம் பாதி ஆரம்பத்தில் ஒரு கடிதக் காட்சி. மனைவி எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தைத் தம்பி ஜன்னலருகே நின்று படிக்க வேண்டும். ஒத்திகையில் வெற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு, காதோரத்துக்குப் பக்கத்திலேயே நின்று சமாளித்திருந்தார். இப்போது ஜன்னலை வலது கோடியில் வைத்துவிட்டார்கள், அங்கே அவள் குரல் எட்டாது. அதனால் டைம்கீப்பர் முழுக் கடிதத்தையும் அடித்துக் கையில் திணித்து, பார்த்துப் படித்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம்.

“அப்புறம் என்னண்ணே, பார்த்துப் படிங்க” என்றாள்.

ஹீரோ காகிதத்தை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். அந்தக் கழுத்து பின்னால் போன தினுசு அவளுக்கு நன்றாகத் தெரிந்த தினுசு.

“தெரியலை தங்கச்சி” என்றார் மெதுவாக. “நாலு வருஷமா எனக்கு ஒரு எழுத்தும் தெரியலை. ஹீரோவா நடிக்கிறவன் கண்ணாடி வாங்கினான்னு தெரிஞ்சா, அடுத்த நாடகத்துல அப்பா வேஷம் குடுத்துடுவாங்க. உன் வாயை நம்பித்தான் மேடை ஏறிக்கிட்டிருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நாலு வருஷமாக இந்த மனுஷனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறாள். அவர் நம்பிய வாய்க்குப் பின்னால் இருந்த கண்ணும் ஒரு வருஷமாக மங்கித்தான் கிடந்தது. மணி அடித்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, கடிதம் முடிந்ததும் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஜன்னலருகே முப்பது வயது வாலிபன் கத்தரிப்பூ நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் சபையில் களுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு அடங்கிவிட்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு ஹீரோ தன் கண்ணால் ஒரு தாளைப் படித்தார். எழுத்து எழுத்தாக, அவசரமே இல்லாமல், ருசித்துப் படித்தார். குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை என்று காதோரத்துக்கு மட்டும் தெரியும். முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படித்து முடித்த சந்தோஷத்தில் ஹீரோ கண்ணாடியை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சத்தியம் மறந்துபோயிற்று. அடுத்த நிமிஷம் அண்ணன் உள்ளே வந்தார், பிரிந்துபோன மனைவி வாசலில் வந்து நின்றார், சண்டைக் காட்சி ஆரம்பித்துவிட்டது. புதிதாக எழுதிய காட்சி. பொடி எழுத்து. காதோரம் ஓரத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். ஹீரோ ஆவேசத்தில் இருந்தார், திரும்பவே இல்லை.

திரும்பினபோது திணறிக்கொண்டு திரும்பினார்.

அவள் தாளை நீட்டினாள். விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். ‘இந்த வீட்டுக்குள்ளே நா-வோ நர-வோ ஏதோ ஒன்று, கம், இருக்கு. இத்தனை நாளா எனக்கு அது தெரியாமப் போச்சு.’ நரகமா? நாகமா? ர-வின் கீற்று இருக்கிறதா இல்லையா? ஹீரோவின் கண் அவள் மேலேயே இருந்தது. வீட்டுக்குள்ளே ‘இருக்கு’ என்றால், வந்து புகுந்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எடுத்துக் கொடுத்தாள்.

ஹீரோ நெஞ்சில் அறைந்துகொண்டு முழங்கினார்: “இந்த வீட்டுக்குள்ளே நாகம் இருக்கு!”

பாம்பென்றால் நிஜமாகவே நடுங்குகிற கண்டக்டரம்மா ஒரே தாவலில் சோபாவின் மேல் ஏறிவிட்டார். அண்ணன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். முன்வரிசையில் ஆறேழு பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பின்னால் யாரோ சிரிக்க, அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கடைசியில் நின்ற டைம்கீப்பர் தலையில் கை வைத்தது அவளுக்கு இங்கிருந்தே துல்லியமாகத் தெரிந்தது. தூரத்துப் பார்வைக்குத்தான் குறை இல்லையே.

முக்காலி போயிற்று என்று அவள் நினைத்தாள். போனால் போகட்டும், அந்த மனுஷனை நடுமேடையில் இப்படி நிற்கவிடக் கூடாது. ஹீரோ பரிதாபமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளால் இனிப் பிரயோஜனமில்லை. மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் நாவல் படித்த தெம்பில், தன் மனசிலிருந்து ஒரு வரியை எடுத்து விட்டாள்.

ஹீரோ வழக்கம்போல் யோசிக்கவில்லை. அண்ணனை நோக்கி விரலை நீட்டினார்.

“உலகத்துல நாகம் சட்டையைக் கழட்டும். இந்த வீட்டு நாகம், என் அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது.”

பின்வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. சிரித்த வாயெல்லாம் அப்படியே கைதட்டலுக்கு மாறியது. அண்ணனாக நடித்த டிரைவர் தன் சட்டையைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டது அன்றைய நாடகத்தின் மிகச் சிறந்த நடிப்பு. அதற்குப் பிறகு ‘காலடியில் சரணம்’ வந்தபோது அந்த வரி அவளுக்கு மனப்பாடம். தாளைப் பார்க்கவே இல்லை.

நாடகம் முடிந்தது. காதோரம் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். டைம்கீப்பர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவர் முகம் ஒரு நிலையில் இல்லை. வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார்கள். டிப்போ மேனேஜர் அந்தச் சட்டை வசனத்தை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, எப்படி ஐயா இதெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டிருந்தார். அது தன் வரி இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, ஆமாம் என்று சொல்ல மனசாட்சி விடவில்லை.

“தாளைக் குடும்மா” என்றார்.

கொடுத்தாள். அவர் அதை விளக்கடியில் பிடித்தார். கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். கழுத்து பின்னால் போயிற்று. அவளால் நம்ப முடியவில்லை.

“நாகம்னுதானே போட்டிருக்கு” என்றார் டைம்கீப்பர். முகத்தில் பெரிய நிம்மதி. “நான்தான் எழுதியிருக்கேன். உன்மேல தப்பில்லை.”

இதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். காதோரத்துக்கு விட மனசில்லை. இருபது வருஷம் சரியான வரியை மட்டுமே எடுத்துக் கொடுத்தவள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கண்ணாடியோடு வந்து நின்ற ஹீரோவிடமிருந்து அதை வாங்கி, டைம்கீப்பரிடம் நீட்டினாள்.

“போட்டுப் பாருங்க சார்.”

அவர் கத்தரிப்பூ நிறத்தை ஒரு தடவை பார்த்தார், சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார், பிறகு மாட்டிக்கொண்டார். தாளைப் பார்த்தார். உதடு மட்டும் ‘நரகம்’ என்று அசைந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே ‘கண்ணீர்’ என்பதில் ண் விழுந்துபோய் மனைவி ‘கணீர்’ வடித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த பக்கத்தில் அண்ணனுக்குத் தம்பி மேல் ‘பாசம்’ இல்லை, ‘பாயசம்’ இருந்தது. தப்பே வராத கை அடித்தது. காதோரம் அதையெல்லாம் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு மேடையில் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்திருந்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டார். விளக்கு அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் வாகாக விழுந்தது. தன் நாடகத்தைத் தானே படித்து அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ.

அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“சார், அது என் முக்காலி.”

டைம்கீப்பர் நிமிர்ந்தார். எழுந்தார். தோள் துண்டை எடுத்து முக்காலியை ஒரு தட்டுத் தட்டி, அவள் பக்கமாகத் தள்ளினார்.

“உக்காருங்க” என்றார். இத்தனை வருஷத்தில் அவளை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “அடுத்த நாடகத்தைப் பெரிய எழுத்துல அடிக்கிறேன். ஹீரோவுக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி, உங்களுக்கு ஒண்ணு. அடிச்சதும் முதல்ல நீங்க படிச்சுப் பாருங்க. அந்தச் சட்டை வசனம் மாதிரி ஏதாவது தோணினா ஓரத்துல எழுதி வையுங்க.”

காதுக்கு மாட்டுகிற மெஷினைப் பற்றி அவர் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காதோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். டைம்கீப்பர் பக்கத்தில் நின்றபடியே அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முக்காலி அன்றைக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. கண்ணாடி திரும்பி வரத்தான் இரண்டு நாள் ஆயிற்று.